டிரைவர் விலகும் நாளில் வண்டியும் கணக்கும்

புது டிரைவர் வேலைக்குச் சேரும் நாளில் நாம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. நல்ல நேரம் பார்க்கிறோம். சாவியைச் சாமி படத்துக்கு முன் வைத்து எடுக்கிறோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, "பார்த்துப் போய்ட்டு வாப்பா" என்று வாழ்த்தி அனுப்புகிறோம்.

அதே சாவி நம் கைக்குத் திரும்பி வரும் நாள் எப்படி இருக்கிறது? கல்லா மேஜையில் 'சடக்'கென்று விழுகிறது. இல்லாவிட்டால் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சில சமயம் சாவி வருவதே இல்லை. "உங்க வண்டி கிருஷ்ணன்கோவில் முக்குல ரெண்டு நாளா நிக்குதே அண்ணாச்சி" என்று யாரோ போனில் சொல்லித்தான் நமக்கே தெரிய வருகிறது.

வரவேற்பு இருக்கும் அளவுக்கு வழியனுப்பும் முறை நம்மிடம் இல்லை. அதனால் வரும் நஷ்டத்தைத் தனியாக யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை. ஆகவே அது நம் கண்ணில் படுவதும் இல்லை.

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம் நெல்லும் தேங்காயும், இராஜபாளையத்தில் நூல், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுச் சரக்கு. இத்தனையும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. லாரி கம்பெனி நடத்துகிறவர்களிடம் மானேஜர் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு. நம் உறுப்பினர்களில் பலர் கடைக்கும் மண்டிக்குமாக ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். வாய் வார்த்தையில் ஆளைச் சேர்க்கிறோம். வாய் வார்த்தையில் அனுப்புகிறோம். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட உறுப்பினர்களுக்காகவே எழுதப்படுகிறது.

வண்டியைப் போட்டுவிட்டு ஏன் போகிறார்கள்?

"டிரைவர்களை நம்ப முடியவில்லை" என்று குறை சொல்வது சுலபம். ஒரு நிமிடம் அவர் இடத்தில் இருந்து பார்ப்போம்.

"அண்ணாச்சி, தூத்துக்குடியில வேற வண்டி அமைஞ்சிருக்கு. ஒண்ணாம் தேதியிலிருந்து வரலை" என்று ஒரு டிரைவர் முறையாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? "மாற்று ஆள் கொண்டு வந்து விட்டுட்டுப் போ." "கணக்கை அடுத்த மாசம் பார்ப்போம்." "லைசென்ஸ் என்கிட்டயே இருக்கட்டும்." இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காத டிரைவர் அபூர்வம்.

இதைக் கண்ட இன்னொரு டிரைவர் என்ன பாடம் படிக்கிறார்? முன்கூட்டிச் சொன்னால் சம்பளம் நிற்கும். சொல்லாமல் போனால் கையில் இருக்கும் டிரிப் பணமாவது மிஞ்சும் என்பதுதான். ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் போகிற பழக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அவர் செய்வது சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வண்டி ஒழுங்காகத் திரும்பி வர வேண்டுமானால், அவருடைய கணக்கு ஒழுங்காகத் தீரும் என்ற நம்பிக்கை முதலில் அவருக்கு இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், முதலாளி வேலையை விட்டு நிறுத்திய ஆளுக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தானாக விலகியவருக்கும் அதே இரண்டு வேலை நாள் கெடுதான் என்று இது சொல்கிறது. ஒரே ஒரு டிரைவர் வைத்திருக்கும் கடைக்கும் இது பொருந்தும். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்பதற்கு இனி இடமில்லை.

வண்டிக்கோ சரக்கோ சேதம் ஆகியிருந்தால்? டிரைவரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாம். ஆனால் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். நஷ்டத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கலாகாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் அவருடைய பெயரில் அரசாங்கம் கொடுத்தது. அதைக் கடனுக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் அதிகாரம் நமக்கு இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ஒப்படைத்த வண்டியையோ, அதன் டயர், டீசல், சரக்கையோ டிரைவர் தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தினால் அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின்படி, வேலையாள் என்ற நிலையில் இதைச் செய்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சம்பளப் பாக்கிக்காக வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணும் டிரைவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். நியாயமான பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. வண்டியைப் பிடித்து வைத்தால், நியாயம் அவர் பக்கம் இருந்தாலும் வழக்கு அவர் மேல்தான் திரும்பும்.

ரோட்டோரம் விட்டுவிட்டுப் போன வண்டியின் கதையையும் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லப் போலீசார் உத்தரவிடலாம். இழுவைச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். அதே சட்டத்தின் 133-வது பிரிவு இன்னும் முக்கியமானது. ஒரு குற்றம் தொடர்பாகப் போலீசார் கேட்டால், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார், அவர் முகவரி என்ன, லைசென்ஸ் விவரம் என்ன என்பதை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். பழைய டிரைவர் எத்தனை மணிக்குச் சாவியைக் கொடுத்தார், புது டிரைவர் எத்தனை மணிக்கு வாங்கினார் என்று எழுதி வைக்காதவர் என்ன பதில் சொல்வார்? செய்யாத குற்றத்துக்குப் பழைய டிரைவர் அலைய வேண்டி வரும். அல்லது ஆளைக் காட்ட முடியாமல் நாம் அலைய வேண்டி வரும்.

வண்டியைத் திரும்பப் பெறும் முறை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கொடுக்கும்போது அளந்தால்தான் வாங்கும்போது அளக்க முடியும். ஆகவே டிரைவர் சேரும் நாளிலேயே ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். விலகும் நாளில் அதே பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் போதும். வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

வண்டியை இருட்டில் வாங்க வேண்டாம். சரக்கை இறக்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். பார்க்க வேண்டியவை:

1. கிலோமீட்டர் அளவு, தேதி, மணி.

2. டீசல். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சேரும் நாளில் டேங்க் நிரப்பிக் கொடுத்து, விலகும் நாளில் நிரப்பி வாங்குவது தகராறு இல்லாத வழி.

3. டயர். ஒவ்வொரு டயரிலும் நம்பர் அச்சாகியிருக்கிறது. எந்த நம்பர் எந்த இடத்தில் என்று ஸ்டெப்னி உட்பட எழுத வேண்டும். "டயரை மாற்றிவிட்டான்" என்ற பழி வீணாக ஒருவர் மேல் விழாமல் இருக்கவும் இதுவே வழி. பேட்டரி நம்பரையும் அப்படியே குறிக்க வேண்டும்.

4. சாமான்கள்: ஜாக்கி, லிவர், வீல் ஸ்பேனர், டூல்ஸ் பெட்டி, தார்ப்பாய், கயிறு, கட்டை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம்.

5. தாள்கள்: ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று. இவை இன்று போனிலும் இருக்கின்றன. டிரைவரின் போனில் உள்ள நகல்கள் எவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. சாவிகள். ஒன்றல்ல, இருக்கும் அத்தனையும் வர வேண்டும். வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம். டீசல் டேங்க் சாவி, டூல்ஸ் பெட்டிச் சாவியையும் மறக்க வேண்டாம்.

7. கண்ணுக்குத் தெரியாத சாவிகள். ஃபாஸ்டேக் கணக்கு டிரைவரின் போன் நம்பரில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். டீசல் கார்டு, அதன் ரகசிய எண், பங்கில் உள்ள பற்றுக் கணக்கு, புக்கிங் ஆபிஸ்களில் கொடுத்து வைத்த நம்பர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். "இன்று முதல் இவர் நம் வண்டியில் இல்லை" என்று பங்குக்கும் புக்கிங் ஆபிசுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். குறை சொல்லாமல் தகவலாக மட்டும் சொன்னால் போதும்.

8. அபராதம். வண்டி நம்பரில் பாக்கியுள்ள இ-சலான் உண்டா என்று பரிவாகன் தளத்தில் இருவர் முன்னிலையிலும் பார்த்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிரைவரைத் தேடுவதை விட இது நல்லது.

கடைசியாக வண்டியை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்

மேலே சொன்ன பட்டியலில் எழுத முடியாத ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

ஒரு வண்டியை இரண்டு வருஷம் ஓட்டியவருக்கு அதன் குணம் தெரியும். பிரேக் மிதித்தால் இடது பக்கம் லேசாக இழுக்கும்; லோடு ஏற்றினால் மூன்றாம் கியர் நழுவும்; ராத்திரி நிறுத்தினால் காலைக்குள் ஏர் இறங்கிவிடும்; பின்பக்கப் பட்டையில் ஒன்று விட்டிருக்கிறது. இவை மெக்கானிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தக் குறையை அவர் தன் கைப்பழக்கத்தால் சமாளித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

புது டிரைவர் வந்த இரண்டாம் நாளே கொல்லத்துக்கு லோடு கிடைக்கிறது. மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையில் சிவகிரி, புளியங்குடி, தென்காசி வரை சமதரை. செங்கோட்டை தாண்டிப் புளியரை 'எஸ்' வளைவில் ஏறி, ஆரியங்காவு வழியாக மலையில் இறங்கும்போதுதான் பிரேக்கின் நிஜமான நிலை தெரிய வரும். பழைய டிரைவர் சொல்லாமல் போன ஒரு வார்த்தையின் விலை அங்கே என்னவாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சண்டை போட்டு அனுப்பிய டிரைவர் இதை நமக்குச் சொல்வாரா? கணக்கைத் தீர்த்து, ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "வண்டியில என்னென்ன பார்க்கணும்ப்பா?" என்று கேட்டால் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பழையவர், புதியவர் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கச் சொல்வது அதைவிட நல்லது. அவர் சொன்ன குறைகளைச் சீட்டிலேயே எழுதி, பழுது பார்த்த பிறகே வண்டியை வெளியூர் அனுப்ப வேண்டும்.

வழியில் விலகினால்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். நெடுஞ்சாலைகளில் லாரிகள் லோடோடு நின்றன. சாப்பாட்டுக் கடை இல்லை; இறக்க ஆள் இல்லை. டிரைவர்களில் பலர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாச் சரக்கு வண்டிகளும் போகலாம் என்று மத்திய உள்துறை மார்ச் 29-ஆம் தேதி தெளிவுபடுத்தியும், ஓட்ட ஆள் இல்லாமல் பல வண்டிகள் நின்றன.

அந்த நாளில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. டிரைவர் வழியில் விலக நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்னதாகவே பேசி வைத்திருக்க வேண்டும். நாம் சொல்லக்கூடிய முறை இது: முதலில் முதலாளிக்குப் போன், நிறுத்தும் இடம் பழக்கமான பங்காகவோ புக்கிங் ஆபிசாகவோ, ஆள் நடமாட்டமும் காவலும் உள்ள இடமாக இருக்க வேண்டும், சாவி, தாள்கள், சரக்குப் பில் மூன்றும் ஒரே பொறுப்பான ஆள் கையில் கொடுத்து, அவரிடம் ரசீது, நின்ற இடத்தின் படம்.

சரக்குப் பில் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். டிரைவர் மாறினால் இ-வே பில்லை மாற்றத் தேவையில்லை. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் புது வண்டி நம்பரைப் பதிய வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கெடு, டிரைவர் இல்லாமல் வண்டி நிற்கும்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும்.

கணக்குத் தீர்ப்பது

கடைசி டிரிப்பின் கணக்கை அன்றே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: மாதச் சம்பளம் 18,000 ரூபாய். 20 நாள் வேலை, ஆகவே 12,000. படி பாக்கி 1,500. மொத்தம் 13,500. டிரிப்புக்குக் கொடுத்த 15,000-ல் செலவு 13,400, கையிருப்பு 1,600. முன்பணப் பாக்கி 4,000. இரண்டும் கழிய அவருக்குக் கொடுக்க வேண்டியது 7,900 ரூபாய். ஒரு தாளில் பத்து வரி. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டுத்தான் பத்து வருஷப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

டிரைவர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விலகுவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். லோடு பாதி வழியில் இருக்கும்போது சொல்லாதீர்கள். வண்டியை ஏற்றுக்கொண்ட இடத்திலேயே கொண்டு வந்து விடுங்கள். உங்கள் துணிமணி, அடுப்பு, பாத்திரங்களை எடுத்துவிட்டு, கேபினைக் கூட்டித் துடைத்துக் கொடுங்கள். கையெழுத்திட்ட சீட்டின் ஒரு பிரதி இல்லாமல் கிளம்பாதீர்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு உங்களைக் காப்பாற்றும்.

மாதிரி ஒப்படைப்புச் சீட்டு

உறுப்பினர்கள் அப்படியே நகல் எடுத்துக்கொள்ளலாம்:

"சுந்தரபாண்டியம், தேதி ......, மணி ......

...... நம்பர் வண்டியை, ...... கிலோமீட்டரில், டீசல் ......, இணைப்பிலுள்ள பட்டியல்படி டயர், சாமான்கள், தாள்கள், சாவி ...... ஆகியவற்றுடன் டிரைவர் ...... (லைசென்ஸ் நம்பர் ......) ஒப்படைத்தார், உரிமையாளர்...... பெற்றுக்கொண்டார். வண்டியில் உள்ள குறைகள் என்று டிரைவர் தெரிவித்தவை: ....... டிரிப் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்த்து ரூ. ...... தீர்க்கப்பட்டது. இந்த நேரத்துக்குப் பிறகு வண்டியின் ஓட்டத்துக்கு மேற்படி டிரைவர் பொறுப்பல்ல.

உரிமையாளர் கையொப்பம் / டிரைவர் கையொப்பம் / சாட்சி"

இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தை வங்கி மூலமோ போன் மூலமோ அனுப்பினால் அந்த விவரத்தையும் சீட்டில் குறிக்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது உறவைக் குறைக்க அல்ல. கணக்குச் சரியாக இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்பதற்காக. நல்ல டிரைவர் கிடைப்பது இன்று எவ்வளவு கடினம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் வேலை பார்த்து விலகியவர் அடுத்த ஊர் புக்கிங் ஆபிசில் உட்கார்ந்து நம்மைப் பற்றி என்ன பேசுகிறாரோ, அதை வைத்துத்தான் அடுத்த டிரைவர் நம் வாசலுக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

ஆகவே உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வாரம் ஒரு நாள் மாலை உங்கள் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, இப்போது ஓட்டும் டிரைவரையே கூட வைத்துக்கொண்டு பட்டியலை எழுதிவிடுங்கள். அவர் விலகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த நாள் வரும்போது தேட வேண்டியது அந்த ஒரு தாள் மட்டுமாகவே இருக்கட்டும்.